பழைய பேப்பரில் ஒரு கொலை: திருகோணமலையின் கடந்தகாலக் குற்றங்களைச் செய்தித்தாளில் தேடுவது எப்படி, எவ்வளவு நம்புவது?

2025 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. வேலை நிறுத்தப்பட்டது; விடயம் மூதூர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. அது பழைய மயானமா, கொல்லப்பட்டவர்களைப் புதைத்த இடமா என்ற கேள்வி உடனே எழுந்தது. மண்ணையும் எலும்பையும் பார்த்து நிபுணர்கள் சொல்லக்கூடியது ஒரு பகுதி. அந்தக் கரையில் எந்த வருடம் என்ன நடந்தது, யார் காணாமல்போனதாக வீட்டார் முறையிட்டார்கள், பொலிஸும் இராணுவமும் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்பது இன்னொரு பகுதி. அந்த இரண்டாவது பகுதிக்குப் பலரும் முதலில் தேடிப் போவது பழைய பத்திரிகைகளைத்தான்.

இப்படியான நேரங்களில் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் மஞ்சள் பிடித்த பத்திரிகைத் துண்டுகள் சுற்றத் தொடங்கும். ஒருவர் அதைப் போட்டு "இதோ ஆதாரம், இனி என்ன விசாரணை?" என்பார். இன்னொருவர் "பேப்பர்காரன் எழுதினதெல்லாம் உண்மையா?" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார். இரண்டு பேரும் பத்திரிகையைப் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். குற்றச் செய்தி என்பது தீர்ப்பு அல்ல; அன்றைய நாளில் யார், எதை, யாரிடம் சொன்னார்கள் என்பதன் பதிவு. அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு வழக்கேட்டைத் தேடிப் போகலாம். வழக்கேடே இல்லாத இடத்தில், அந்தப் பதிவு மட்டுமே மிஞ்சிய சாட்சியாகவும் ஆகிவிடும். திருகோணமலையைப் பொறுத்தவரை இரண்டுமே நடந்திருக்கிறது.

ஒரு குற்றம் எங்கெல்லாம் எழுதப்படுகிறது

ஒரு கொலை நடந்தால் அதைப் பற்றிய எழுத்து ஒரே இடத்தில் இருப்பதில்லை. வரிசை ஏறத்தாழ இப்படி:

1. பொலிஸ் நிலையத்தின் தகவல் புத்தகம். முதல் முறைப்பாடு இங்கேதான் பதியப்படும்.
2. மரண விசாரணை. திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ நடத்துவார். கூடவே சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை அறிக்கை.
3. நீதவான் நீதிமன்றம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று பொலிஸார் தாக்கல் செய்யும் பி அறிக்கை, வழக்கிலக்கம், விளக்கமறியல் உத்தரவுகள்.
4. சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால், மேல் நீதிமன்றத்தில் விளக்கம் (வழக்கு விசாரணை). 1970களின் முற்பகுதி வரை இந்தப் பெரிய வழக்குகளை உயர் நீதிமன்ற நீதிபதிகள் சுற்றில் வந்து, ஜூரிகளோடு அமர்ந்து விளங்கினார்கள். அந்தக் காலச் செய்திகளில் 'சுப்ரீம் கோட்' என்று இருப்பது அதனால்தான்.
5. மேன்முறையீடு. 1938இல் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உருவானது. அதன் முக்கிய தீர்ப்புகள் சட்ட அறிக்கைத் தொகுப்புகளில் அச்சாகியிருக்கின்றன.

பத்திரிகை இந்த ஐந்தையும் ஒரே அளவு கவனிப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில் செய்தி குவியும். சம்பவம் புதிது, நிருபர் ஊரில் இருக்கிறார், நீதவான் நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது. நாலாவது கட்டம் வரும்போது வருடங்கள் ஓடியிருக்கும். சிலவேளை வழக்கே வேறு ஊருக்கு மாற்றப்பட்டிருக்கும். குமாரபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 பெப்ரவரி 11 அன்று கிளிவெட்டிக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கிராமத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு முடிந்தது 2016 ஜூலையில், அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில். ஆறு இராணுவத்தினரையும் ஜூரி விடுவித்தது. 1996ஆம் ஆண்டின் பேப்பர்களை மட்டும் கட்டுக் கட்டாகப் படிப்பவருக்குக் கைது தெரியும், அடையாள அணிவகுப்புத் தெரியும்; அந்தக் குடும்பங்கள் 20 வருடம் காத்திருந்து எதைக் கேட்டுத் திரும்பினார்கள் என்பது தெரியாது.

மறுபக்கமும் உண்டு. இலங்கை எங்கும் பேசப்பட்ட ஒரு பழைய வழக்கு, கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவத்தின் மீதான கொலை வழக்கு. 1951 அக்டோபரில் கொழும்பில் அவருடைய மனைவி கொல்லப்பட்டார், சதாசிவம் கைதானார். வீட்டு வேலையாளுக்கு மன்னிப்பு வழங்கி அவரையே அரச தரப்புச் சாட்சியாக்கினார்கள். 57 நாள் விளக்கத்துக்குப் பிறகு 1953 ஜூனில் ஜூரி சதாசிவத்தை நிரபராதி என்று விடுவித்தது. 1951ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதப் பேப்பரை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் எழுதினால், நிரபராதி ஒருவரைக் கொலையாளி என்று எழுதிவிடுவார். கைதுச் செய்தி பெரிய எழுத்தில் வரும், விடுதலைச் செய்தி உள்பக்கத்தில் வரும், அல்லது வராமலே போகும். பெயர் பெற்றவர் என்பதால் சதாசிவத்துக்கு இரண்டுமே முதற்பக்கத்தில் கிடைத்தன. கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ கைதான ஒரு விவசாயிக்கு அது கிடைத்திருக்காது.

ஒரு சின்னச் செய்தியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்

கீழே இருப்பது உண்மைச் சம்பவம் அல்ல. பழைய பேப்பர்களின் நடையில் மாதிரிக்கு எழுதியது.

"மூதூர், ஜூன் 12. காணித் தகராறு காரணமாக ஏற்பட்ட கைகலப்பில் ஒருவர் கத்திக்குத்துக்கு இலக்காகி மரணமானார். நேற்று முன்தினம் இரவு இச்சம்பவம் இடம்பெற்றது. சந்தேகத்தின் பேரில் இருவரைப் பொலிஸார் கைதுசெய்து நீதவான் முன் ஆஜர்செய்தனர். இருவரும் எதிர்வரும் 25ஆம் திகதிவரை விளக்கமறியலில் வைக்கப்பட்டுள்ளனர். (மூதூர் நிருபர்)"

ஐந்தே வரி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு வேறு பெறுமதி.

"ஜூன் 12" என்பது நிருபர் செய்தியை எழுதிய நாள். பேப்பர் 13ஆம் திகதியோ 14ஆம் திகதியோ வந்திருக்கலாம். அப்படியென்றால் "நேற்று முன்தினம்" எந்த நாள்? நிருபர் கணக்குப்படி 10. கொழும்பில் ஆசிரியபீடம் அதைத் திருத்தியிருந்தால் 11 அல்லது 12. மரண விசாரணைப் பதிவைத் தேடுகிறவர் 10ஆம் திகதியில் தொடங்கி 12 வரை பார்க்க வேண்டும். ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு "பதிவே இல்லை" என்று திரும்பக்கூடாது.

"காணித் தகராறு காரணமாக" என்பதுதான் இந்தச் செய்தியில் மிகப் பலவீனமான இடம். இதைச் சொன்னது யார் என்று இல்லை. சம்பவம் நடந்து இரண்டு நாளில் பொலிஸ் நிலையத்தில் கேட்ட ஊகமாக இருக்கலாம், சந்தையில் கேட்டதாகவும் இருக்கலாம். பின்னால் வருகிறவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் கதைக்குத் தேவைப்படுவது காரணம்.

"25ஆம் திகதிவரை" என்பது தங்கம். அன்றைக்கு அந்த இருவரும் மறுபடி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படுவார்கள். ஆகவே 26, 27, 28ஆம் திகதிப் பேப்பர்களை எடுக்க வேண்டும். அங்கே அடுத்த தவணைத் திகதி இருக்கும்; அதைப் பிடித்து அடுத்தது. இப்படித் தவணை தவணையாகப் போனால், பிணை கிடைத்ததா, மேல் நீதிமன்றத்துக்குப் பாரப்படுத்தப்பட்டதா என்று ஒரு கட்டத்தில் தெரியவரும். தலைப்புகளை மேய்ந்து தேடுவதைவிட இது பல மடங்கு வேகமானது.

"மூதூர் நிருபர்" என்பதையும் விடக்கூடாது. அந்த ஊரில் இருந்து எழுதியவர் இடத்தையும் ஆளையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம். அதே சம்பவம் "கொழும்பு" என்று தொடங்கி, பாதுகாப்பு அமைச்சையோ பொலிஸ் தலைமையகத்தையோ மேற்கோள் காட்டி வந்தால் அது வேறு வகைச் செய்தி. ஊர் நிருபரின் செய்தியில் இடத்தையும் பெயரையும் பெரும்பாலும் நம்பலாம்; நாளை மேலே சொன்ன இடைவெளியோடு எடுக்கலாம். காரணத்தையும் எண்ணிக்கையையும் வேறொரு இடத்தில் சரிபார்க்கும் வரை தள்ளி வைப்பதே நல்லது.

பேப்பர்கள் எங்கே இருக்கின்றன

இலங்கையில் முதலில் அச்சான செய்தி ஏடு 1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி. தமிழில் முதலாவது, 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிகள் தொடங்கிய உதயதாரகை. திருகோணமலை பற்றிய தொடர்ச்சியான தமிழ்ச் செய்திகளுக்கு வீரகேசரி (1930), தினகரன் (1932) ஆகிய கொழும்புத் தினசரிகளும், யாழ்ப்பாணத்து ஈழகேசரியும் (1930) வரும்வரை பொறுக்க வேண்டும். பிறகு சுதந்திரன் (1947), ஈழநாடு (1959), தினபதி (1966).

இவற்றின் பக்கச் சாய்வு தெரிந்திருக்க வேண்டும். சுதந்திரன் தமிழரசுக் கட்சியின் குரலாக இயங்கியது. தினகரனை வெளியிட்ட லேக் ஹவுஸ் 1973இல் அரசின் பிடிக்குள் போனது. அதற்கு முந்திய தினகரனையும் பிந்திய தினகரனையும் ஒரே தராசில் போடமுடியாது. சாய்வு இருப்பதால் ஒரு பேப்பரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு சம்பவத்துக்குத் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மூன்றையும் பக்கத்தில் வைத்தால், மூன்றும் ஒத்துப்போகும் இடம் எது, பிரியும் இடம் எது என்று தானாகத் தெரியும்.

கையில் எடுக்கக்கூடிய இடங்கள்:

1. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து பேப்பர்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. திருகோணமலையிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்பு. ஆனால் வாசகர் அனுமதி எடுக்க வேண்டும், ஒரே நாளில் எல்லாம் முடியாது. எந்தப் பத்திரிகை, எந்த மாதம் என்று எழுதிக்கொண்டு போவது அவசியம்.
2. கொழும்பு தேசிய அருங்காட்சியக நூலகம். 1885ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகும் வெளியீடுகளின் பிரதிகள் அங்கே சேர்ந்துவந்தன.
3. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஏடுகளை வருடி (ஸ்கேன் செய்து) இலவசமாக வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே தொடங்க இதைவிட நல்ல இடம் தமிழில் இல்லை.
4. அவுஸ்திரேலியாவின் ட்ரோவ், சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. இரண்டும் இணையத்தில், பெரும்பகுதி இலவசம்.

நாலாவதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கைத் தமிழர் ஏராளமாக வேலை பார்த்தார்கள். அவர்களுக்காகவே ஊர்ச் செய்திகள் அங்கத்தைய ஆங்கிலப் பேப்பர்களில் இடம்பிடித்தன. சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அந்த இணையத் தொகுப்பில் இருக்கிறது. 1957 வரை திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத்தளம் இருந்ததால் துறைமுகத்தோடு தொடர்புபட்ட விடயங்கள் அவுஸ்திரேலியப் பேப்பர்களிலும் தந்திச் செய்தியாக ஏறின. ட்ரோவில் பெரும்பாலானவை 1954ஓடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திகதியைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை

தமிழ்ப் பேப்பர்களில் பெரும்பகுதி படமாக மட்டுமே வருடப்பட்டிருக்கிறது. சொல்லைத் தட்டித் தேட முடியாது, திகதி வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் திகதி வராது. "புயலுக்கு அடுத்த வருசம்", "கோணேசர் கொடியேற்றத்துக்கு முதல்", "எனக்கு மூத்தவள் பிறந்த மாரியில்" என்றுதான் வரும். அந்தப் பேச்சை நாட்காட்டியாக மாற்ற வேண்டும்.

புயல் என்றால் எந்தப் புயல்? திருகோணமலைக்காரர் சொல்வது பெரும்பாலும் 1964 டிசம்பர் 22ஆம் திகதிப் புயல். மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்து குடியேறியவர் சொன்னால் அது 1978 நவம்பராக இருக்கும். வயது குறைந்தவர் சொன்னால் 2000 டிசம்பர் 26. சொல்பவர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்காமல் விட்டால் 14 வருடம் பிழைத்துப்போகும்.

கிழமையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் வார விடுமுறை ஞாயிறு அல்ல, போயா (நிலவின் நாலு கட்டங்களும் வரும் நாட்கள்). பள்ளிக்கூடமும் கந்தோரும் போயா தினத்திலும் அதற்கு முந்திய நாளிலும் மூடின. அந்தக் காலத்தில் "லீவு நாளில் நடந்தது" என்று ஒருவர் சொன்னால், சனி, ஞாயிறுப் பேப்பர்களைத் தேடுவது வீண். அந்த மாதத்தின் நாலு போயாக்களையும் பஞ்சாங்கத்தில் பார்த்து, அவற்றுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் பேப்பர்களை எடுக்க வேண்டும்.

ஊர்ச் செய்தி கொழும்புக்குத் தபாலிலும் தந்தியிலும் போன காலத்தில், சம்பவத்துக்கும் அச்சுக்கும் இடையில் சில நாட்கள் ஓடின. ஆகவே சம்பவத் திகதி உறுதியாகத் தெரிந்தாலும் அடுத்த ஒரு கிழமைப் பேப்பரையும் புரட்டுவது நல்லது.

சொல் தேடல் வேலை செய்கிற ஆங்கிலத் தொகுப்புகளில் ஊர்ப் பெயர்தான் தடை. தம்பலகாமம் பழைய ஆங்கில ஏடுகளில் 'டம்பிளகம்' என்கிற மாதிரி இருக்கும். மூதூரும் கொட்டியாரமும் பல எழுத்துக்கூட்டல்களில் வரும். தமிழிலும் திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்று மாறும். பழைய அச்சின் கொம்பு வைத்த 'லை', 'ணை' எழுத்துகளைக் கணினி சரியாக வாசிப்பதில்லை. எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும், வேறு வழியில்லை.

பேப்பரில் இல்லையென்றால் நடக்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை. ஏன் இல்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒன்று, பேப்பரே இல்லாமல் இருந்திருக்கலாம். 1974 ஏப்ரலில் அவசரகால விதிகளின் கீழ் தினபதியை வெளியிட்ட நிறுவனம் சீல் வைத்து மூடப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டளவில் அது வெளிவரவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பொதுநூலகமும் ஈழநாடு காரியாலயமும் எரிக்கப்பட்டன. நூலகத்தோடு போன 97,000 அளவிலான நூல்களையும் ஏடுகளையும் பற்றி எல்லோருக்கும் தெரியும்; ஒரு வடக்குக் கிழக்குத் தினசரியின் காரியாலயமும் அதே நாட்களில் எரிந்தது என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

இரண்டு, எழுத விடாமல் தடுத்திருக்கலாம். 1958 மே கலவரத்தோடு அவசரகாலநிலையும் செய்தித் தணிக்கையும் வந்தன. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போதும் தணிக்கை. 1998 ஜூனிலிருந்து இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை. இந்தக் காலங்களில் ஒரு சம்பவம் உள்ளூர்ப் பேப்பரில் இல்லாமல் வெளிநாட்டுப் பேப்பரில் இருப்பது சாதாரணம். நாடாளுமன்ற உரைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டையும் பார்க்க வேண்டும். உறுப்பினருக்குச் சபையில் பேசும் சிறப்புரிமை இருந்தது. தன் தொகுதியில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும் திகதிகளையும் அவர் அங்கே எழுந்து வாசித்திருந்தால், அது அச்சில் நிற்கிறது. 1977 கலவரம் பற்றிய சன்சோனி ஆணைக்குழுவின் 1980 அறிக்கையும், 1990களில் வடக்குக் கிழக்கில் காணாமல்போனோரை விசாரித்த பாலகிட்ணர் ஆணைக்குழுவின் அறிக்கையும் அப்படியான இடங்கள்தான்.

மூன்றாவது காரணம்தான் இருப்பதற்குள் கொடியது. 1983இல் 15ஏ என்ற அவசரகால விதி வந்தது. மரண விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ அது இடம்கொடுத்தது. மேலே சொன்ன ஐந்து கட்டங்களில் இரண்டாவது கட்டத்தை அது துடைத்துவிட்டது. இரண்டாவது இல்லையென்றால் பின்னால் வருவதும் இல்லை. அப்படியான மரணங்களுக்கு நீதிமன்றத்தில் தேட ஒரு ஏடே இருக்காது. இராணுவம் "மோதலில் பயங்கரவாதிகள் பலி" என்று கொடுத்த இரண்டு வரியும், நாலு நாள் கழித்து "வயலுக்குப் போன எங்கள் பிள்ளைகளைக் காணவில்லை" என்று பெற்றோர் கொடுத்த இன்னொரு இரண்டு வரியும் வேறு வேறு பக்கத்தில் அச்சாகியிருந்தால், அந்த இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்தான் முதல்முறையாக ஒரு விசாரணை நடத்துகிறார்.

2006 ஜனவரி: ஒரு படம் செய்த வேலை

பத்திரிகை எவ்வளவு தூரம் போகமுடியும், எங்கே நின்றுவிடும் என்பதைத் திருகோணமலையே காட்டிவிட்டது.

2006 ஜனவரி 2 மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்பதுதான் படைத்தரப்பு முதலில் சொன்னது. அடுத்த நாள் பேப்பர்களை இன்றைக்கு எடுத்துப் பார்க்கிறவர் அந்தக் கூற்றைத்தான் காண்பார். அதை மட்டும் வெட்டி எடுத்தால் இறந்த பிள்ளைகளே குற்றவாளிகளாக வரலாற்றில் நிற்பார்கள்.

சுடரொளிப் பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருப்பது படத்தில் தெரிந்தது. படங்கள் அச்சாகின. பிரேத பரிசோதனையும் துப்பாக்கிச் சூட்டையே காட்டியது. கைக்குண்டுக் கதை அதோடு விழுந்தது. அதே ஜனவரி 24ஆம் திகதி காலை, ஆளுநர் செயலகத்துக்கு அருகில் வைத்துச் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த வருடமே அமைக்கப்பட்ட உடலாகம ஜனாதிபதி ஆணைக்குழு, மாணவர் கொலையையும், ஓகஸ்ட் 4 அன்று மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டதையும் விசாரணைக்கு எடுத்த விடயங்களில் அடக்கியது. மாணவர் வழக்கில் விசேட அதிரடிப்படையினர் 12 பேரும் ஒரு பொலிஸ் அதிகாரியும் எதிரிகளாக (குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக) நிறுத்தப்பட்டார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 13 பேரையும் விடுவித்தது.

இதிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. முதல் நாள் செய்தியை மட்டும் வைத்து எழுதக்கூடாது. முதல் நாள் பேசுவது பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்.
2. படம், அதை எடுத்தவர், எடுத்த இடம், வெளிவந்த திகதி ஆகியவை செய்தியின் வசனங்களைவிட நின்று நிலைக்கும். பக்கத்தை வருடும்போது படவிளக்கத்தையும் சேர்த்து வருடுங்கள்.
3. எப்படி இறந்தார்கள் என்பதைப் பத்திரிகை நிறுவியது. யார் கொன்றார்கள் என்பதை அதனால் நிறுவ முடியவில்லை. இரண்டையும் கலந்து எழுதினால் முதலாவதின் பலமும் போய்விடும்.

எண்ணிக்கை விடயத்திலும் இதே கவனம் வேண்டும். குமாரபுரத்தில் கொல்லப்பட்டவர்கள் 24 என்று சில பதிவுகளும் 26 என்று வேறு சிலவும் சொல்கின்றன. இப்படி இரண்டு எண் வரும்போது ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டாம். காயப்பட்டு ஆஸ்பத்திரியில் பின்னர் இறந்தவர் ஒரு கணக்கில் இருப்பார், மற்றதில் இருக்கமாட்டார். எந்தப் பேப்பர், எந்தத் திகதி என்பதோடு இரண்டு எண்ணையும் எழுதி, பிறகு பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பெயர்கள்தான் கடைசியில் கணக்கைத் தீர்க்கும்.

சட்டத்தில் இதற்கு என்ன இடம்

இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் (1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம்) 456ஆவது பிரிவின்படி கொலைக்கும் அரச துரோகத்துக்கும் காலத்தடை இல்லை. மற்றக் குற்றங்களுக்குப் பொதுவாக 20 ஆண்டுகள். ஆகவே 1985ஆம் ஆண்டின் ஒரு கொலையை இன்றைக்கும் வழக்காக்கலாம். அதே இரவில் நடந்த கடத்தலுக்கோ கொள்ளைக்கோ தனியாக வழக்கு வைப்பது கடினம். 2006இன் சம்பவங்கள் 2026இல் இந்த எல்லையைத் தொடுகின்றன. பழைய பேப்பரில் சரியான திகதியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

ஆனால் பேப்பரை மட்டும் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. செய்தி என்பது கேள்விச் சாட்சியம், அதாவது பிறர் சொல்லக் கேட்டது; எழுதியவரோ, அவருக்குச் சொன்னவரோ வந்து சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். எனவே ஒரு செய்தியிலிருந்து எடுக்க வேண்டியது நீதிமன்றத்தின் பெயர், தவணைத் திகதி, நீதவானின் பெயர், பிரேத பரிசோதனை நடந்த ஆஸ்பத்திரி, பொலிஸ் பொறுப்பதிகாரி யார் என்ற விபரங்கள். இவை ஒவ்வொன்றும் வேறொரு ஆவணத்துக்குக் கொண்டுபோகும்.

பெயர்களை மறுபடி வெளியிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பேப்பர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் போட்டன. 1995இல் தண்டனைச் சட்டக்கோவைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அப்படி அடையாளத்தை வெளியிடுவது குற்றம். 1950களின் பேப்பரில் இருக்கிறதே என்று அந்தத் துண்டை முகநூலில் போடுகிறவர், அந்தப் பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் இன்னும் அதே ஊரில் இருக்கலாம் என்பதை நினைக்க வேண்டும். சந்தேகத்தில் கைதாகி, தீர்ப்பு என்னவென்று தெரியாதவர்களின் பெயரையும் போடக்கூடாது. நம் ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் பத்துப் பேருக்கு இருக்கும். பழி பேரனிலும் வந்து விழும்.

பேப்பரிலிருந்து வழக்கேட்டுக்கு

திகதியும் நீதிமன்றமும் கிடைத்தபிறகு இரண்டு வழிகள் திறக்கின்றன. வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு அந்த நீதிமன்றத்தின் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். பொலிஸ், ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம் போன்ற இடங்களில் இருப்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

விண்ணப்பத்தில் "1980களில் எங்கள் ஊரில் நடந்த கொலைகள் பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில், இன்ன பொலிஸ் பிரிவில் பதிவான, இன்ன நாள் இன்ன நீதவான் முன் ஆஜர்செய்யப்பட்ட வழக்கின் இலக்கமும், பிரேத பரிசோதனை அறிக்கையின் பிரதியும்" என்று கேளுங்கள். செய்தி வந்த பக்கத்தின் பிரதியை, பத்திரிகையின் பெயர், திகதி, பக்க எண் தெரிகிற மாதிரி பின்னால் இணைத்துவிடுங்கள். ஏடு இருக்கிறதா என்று தேடப்போகும் அலுவலருக்கும் அந்தத் திகதிதான் தேவை.